எட்டு மணி எப்போது வரும்?

ஒரே பந்து, மூன்று காம்பரா

பசறைப் பக்கத்திலோ ஹாலி-எலப் பக்கத்திலோ உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கை அணி ஆடும் ஒருநாள் போட்டி நேரடியாக ஒளிபரப்பாகிறது. முதல் காம்பராவில் கூரைக்கு மேலே கம்பத்தில் கட்டிய அன்டெனா. அடுத்ததில் டிஷ். மூன்றாவதில் சுவரில் சாய்த்து வைத்த போன். மூன்றிலும் ஒரே அலைவரிசை, ஒரே ஆட்டம். முதல் காம்பராவில் "சிக்ஸர்!" என்று கூச்சல் எழும்போது டிஷ் வீட்டின் திரையில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடவே தொடங்கவில்லை. போன் வீட்டில் அதற்கு முந்திய பந்தே முடிந்தபாடில்லை. அதே நாள் இரவு, எட்டு மணிக்கு என்று அறிவித்த தொடர் எட்டு மணி நாலு நிமிடத்துக்கு ஆரம்பிக்கிறது. அடுத்த நாள் எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு. எப்போதாவது ஒருநாள், தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து உட்கார்வதற்குள் முதற்காட்சி கடந்துபோயிருக்கிறது.

இதற்கு மக்கள் சொல்லும் விளக்கம் இரண்டு. டிஷ்ஷும் போனும் பிந்துவதற்கு வானத்துச் செய்மதியின் தூரம் காரணம் என்பது ஒன்று. தொடர் பிந்துவதற்கு நிலையத்தாரின் கவனயீனம் காரணம் என்பது மற்றது. இரண்டிலும் உண்மை சிறிதளவே உண்டு. பிந்துதலில் பெரும்பகுதி தூரத்தாலும் வருவதில்லை, சோம்பலாலும் வருவதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில், நிகழ்ச்சி அறுபடாமல் ஓடுவதற்காக யாரோ ஒருவர் வேண்டுமென்றே கொஞ்சம் காத்திருக்கிறார். இந்த அத்தியாயம் அந்தக் காத்திருப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கிறது. கடைசியில், எவரும் ஒரு செக்கன்கூடக் காத்திருக்காமலே ஒரு நிகழ்ச்சி ஒரு மணி நேரம் பிந்திப்போன கதைக்கும் வருவோம். அது இந்த நாட்டில்தான் நடந்தது.

செய்மதியின் தூரம் எவ்வளவு நேரம் தின்னும்?

முதலில் அன்டெனா வீடு. இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் 1982 பெப்ரவரி 15 அன்று யப்பானின் உதவியோடு ஒளிபரப்பைத் தொடங்கியபோது, நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உச்சியில் தன் முக்கிய அலைபரப்பியை நிறுத்தியது. மலையின் உயரம் 2,524 மீற்றர். கொழும்பிலிருந்து அந்த உச்சிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீற்றர். உச்சியிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ 30. மின்காந்த அலை ஒரு செக்கனில் 3 இலட்சம் கிலோமீற்றர் போகும். ஆகவே 130 கிலோமீற்றரைக் கடக்க ஒரு செக்கனின் 2,000 இல் ஒரு பங்குகூட ஆகாது. இதை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர்தான் போகும். முதல் காம்பராவின் கூச்சல் பத்து மீற்றர் தாண்டி மூன்றாவது காம்பராவை எட்ட ஒரு செக்கனின் 34 இல் ஒரு பங்கு வேண்டும். கொழும்பிலிருந்து மலையேறி இறங்கி வந்த படத்தைவிட, பக்கத்து வீட்டுக் கூச்சலுக்கு 60 மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கிறது.

இனி டிஷ். தொலைக்காட்சிச் செய்மதிகள் பூமத்திய கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்தில் ஒரு செய்மதி பூமியைச் சுற்றி வரும் வேகமும் பூமி தன்னைத்தானே சுற்றும் வேகமும் பொருந்திப்போவதால், கீழேயிருந்து பார்க்க அது ஒரே இடத்தில் நிற்பது போலிருக்கும். கூரையில் ஒருமுறை திருப்பி இறுக்கிய டிஷ்ஷைப் பிறகு அசைக்கத் தேவையில்லாமல் இருப்பது இதனால்தான். மலைமடிப்புக்குள் ஒளிந்திருக்கும் லயத்துக்கும் இது பெரும் வசதி. பீதுருதாலகாலைக்கும் ஒரு தோட்டத்துக்கும் நடுவே நமுனுகுல போன்ற மலை எழுந்து நின்றால் அன்டெனாவுக்குப் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஊவா ஏழு பாகை அகலக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் செய்மதி தலைக்கு மேலேயே உயரத்தில் நிற்கிறது. மலை அதை மறைப்பது அரிது. தூரத்துக்கு வருவோம். போக 36,000, வர 36,000, மொத்தம் 72,000 கிலோமீற்றர். நேரமோ கால் செக்கனுக்குச் சற்றுக் குறைவு. வெளிநாட்டு மைதானத்திலிருந்து கொழும்புக்கு வரும் வழியிலும் படம் செய்மதியைத் தொட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பகுதி மூன்று வீட்டுக்கும் பொது என்பதால் நம் கணக்கில் அது கழிந்துவிடும்.

ஆக, தூரம் மட்டும்தான் காரணமென்றால் டிஷ் வீடு அன்டெனா வீட்டைவிடக் கால் செக்கன் பிந்த வேண்டும். உண்மையில் அது பிந்துவது சில செக்கன். கணக்குக்காக 5 செக்கன் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து ஆடுகளத்தைக் கடக்க அரைச் செக்கன்தான் ஆகும். கால் செக்கன் தாமதத்தில் பந்து பாதி வழியில் இருந்திருக்கும். 5 செக்கன் தாமதத்தில் பந்துவீச்சாளர் தன் ஓட்டத்தின் தொடக்கப் புள்ளியில் நிற்கிறார். மீதி நாலே முக்கால் செக்கனும் எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி.

படத்தைச் சுருக்கும் நேரம்

அன்டெனா வழியாக வரும் பழைய முறையில் படம் சேமிக்கப்படுவதே இல்லை. ஒரு செக்கனுக்கு 25 படம். ஒவ்வொரு படமும் 625 கோடுகள். கமரா ஒரு கோட்டை வாசித்ததும் அது அலையாகிப் போகிறது. வீட்டுப் பெட்டி அந்தக் கோட்டை உடனே திரையில் வரைகிறது. அடுத்த கோடு எப்படி இருக்கும் என்று எவரும் யோசிப்பதில்லை. நடுவழியில் காத்திருப்பு எதுவும் கிடையாது. அதற்குக் கொடுத்த விலை இடம். ஓர் அலைவரிசை, வானலையில் ஒரு முழுப் பட்டையையும் தனக்கென்றே பிடித்துக்கொள்ளும்.

டிஷ்ஷில் வருவது இலக்கமுறை ஒளிபரப்பு. அதாவது படம் எண்களாக மாற்றப்பட்டு வருகிறது. அந்த எண்களை அப்படியே அனுப்பினால் ஒரு செய்மதியில் மிகச் சில அலைவரிசைகளுக்குத்தான் இடமிருக்கும். எனவே பல பத்து மடங்கு சுருக்குகிறார்கள். வழி இதுதான்: ஒரு படத்தை முழுமையாக அனுப்புவது, பிறகு வரும் படங்களில் எது மாறியதோ அதை மட்டும் சொல்வது. மைதானத்துப் புல் மாறவில்லை, அதை மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. பந்து நகர்ந்தது, அதை மட்டும் சொன்னால் போதும். இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஒரு படத்தை அதற்கு முந்திய படத்தோடு மட்டுமல்லாமல் அதற்குப் பிந்திய படத்தோடும் ஒப்பிட்டால் இன்னும் சுருக்கலாம். பின்னால் வரும் படத்தோடு ஒப்பிட வேண்டுமானால் அது வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். எதிர்காலத்தைப் பார்த்துவிட்டு நிகழ்காலத்தை அனுப்புகிறார்கள் என்றே சொல்லலாம். ஆகவே இந்தத் தாமதம் கருவியின் குறை என்று சொல்ல முடியாது. சுருக்கும் முறையோடே அது பிறக்கிறது.

இது தவிர, ஒரே அலைக்கற்றையில் பல அலைவரிசைகளைச் சேர்த்து அனுப்பும்போதும் சிறு காத்திருப்பு உண்டு. வீட்டுப் பெட்டியும் தன் பங்குக்குக் காக்கிறது. அலைவரிசை மாற்றும்போது திரை ஒரு கணம் இருண்டு பிறகு படம் வருவதைக் கவனித்திருப்பீர்கள். மாற்றங்களை மட்டும் சொல்லும் படங்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாமல், பெட்டி அடுத்த முழுப் படத்துக்காகக் காத்திருக்கும் கணம் அது. பழைய அன்டெனாப் பெட்டியில் அந்த இருட்டு இல்லாமல் இருந்ததற்குக் காரணம் இப்போது விளங்கும்.

போன் வீட்டின் கையிருப்பு

மூன்றாவது காம்பராவுக்கு 30, 40 செக்கன் தாமதம் எப்படி வந்தது? இணையத்தில் ஒளிபரப்பு தொடர்ந்த ஓட்டமாக வருவதில்லை. சில செக்கன் நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. ஒரு துண்டு 6 செக்கன் என்று கொள்வோம். அந்தத் துண்டு முழுவதும் நடந்து முடிந்த பிறகே அதைக் கட்டி அனுப்ப முடியும். அதிலேயே 6 செக்கன் போயிற்று. போனில் உள்ள செயலி முதல் துண்டு வந்ததும் காட்டிவிடாது. இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் ஓட விடும். ஏனென்றால் அடுத்த துண்டு எப்போது வரும் என்று அதற்குத் தெரியாது. கோபுரத்தில் கூட்டம் இருக்கலாம், சிக்னல் ஒரு கணம் விழலாம். கையில் 18 செக்கன் படம் இருந்தால் அதற்குள் விடுபட்ட துண்டு வந்து சேர்ந்துவிடும். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இப்படிச் சேர்த்து வைக்கும் நேரத்தைக் 'கையிருப்பு நேரம்' என்று அழைப்போம். வெட்டிக் கட்டும் நேரம், கொண்டுவரும் நேரம், கையிருப்பு நேரம் எல்லாம் சேர்ந்து அரை நிமிடத்தை எளிதில் தாண்டும். மணிக்கு 15 ஓவர், அதாவது 90 பந்து என்ற வேகத்தில் ஒரு பந்துக்கு 40 செக்கன். போன் வீடு ஒரு முழுப் பந்து பிந்தியிருப்பது இதனால்தான்.

இங்கே ஊவாவின் மலைகளுக்குச் சொந்தமான ஒரு துயரம் இருக்கிறது. சிக்னல் வலுவான நகரத்தில் கையிருப்பைக் குறைத்துக்கொள்ளலாம்; இன்றைய குறைதாமத முறைகள் துண்டுகளை இன்னும் சிறிதாக்கிச் சில செக்கனுக்குள் வந்துவிடுகின்றன. சிக்னல் விழுந்து எழும் பள்ளத்தாக்கிலோ நிறையக் கையிருப்பு இல்லாமல் படமே ஓடாது. கையிருப்பு தீர்ந்தால் படம் நின்று வட்டம் சுற்றத் தொடங்கும். மறுபடி ஓடும்போது பெரும்பாலான செயலிகள் நின்ற இடத்திலிருந்தே தொடர்கின்றன. ஒருமுறை 10 செக்கன் நின்றால் அந்த 10 செக்கன் தாமதத்தோடு கூடிவிடும். ஆட்டம் தொடங்கும்போது ஒரு பந்து பிந்தியிருந்த போன், முடியும்போது மூன்று பந்து பிந்தியிருக்கலாம். தாமதம் கூடிக்கொண்டு போகிறது, தானாகக் குறைவதில்லை. கொவிட் காலத்தில் பாடம் கேட்பதற்காகச் சிக்னல் தேடிக் குன்றேறிய மலைநாட்டுப் பிள்ளைகள் இந்தக் கணக்கை உடம்பால் அறிந்தவர்கள்.

நிலையத்தின் எட்டு மணி

'கூடுமே தவிரக் குறையாது' என்ற இதே இயல்புதான் நிகழ்ச்சி அட்டவணையையும் ஆள்கிறது. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ் ஒரு தரிப்பிடத்துக்கு இரண்டு நிமிடம் முந்தி வந்துவிட்டால் அங்கே நின்று நேரத்தைப் போக்கும், ஏனென்றால் நேரத்துக்கு வருகிறவர்களை விட்டுவிட்டுப் போக முடியாது. பிந்தி வந்தாலோ அந்தப் பிந்துதல் அடுத்த தரிப்பிடத்துக்கும் போகும். தொலைக்காட்சியிலும் அப்படியே. ஏழு மணி நிகழ்ச்சிக்கு முந்திய நிகழ்ச்சி 6.58க்கே முடிந்தால் அடுத்ததை 6.58க்குத் தொடங்க முடியாது. ஏழு என்று அறிவித்தாயிற்று. அந்த இரண்டு நிமிடத்தை ஒரு பாட்டாலோ முன்னோட்டத்தாலோ நிரப்புகிறார்கள். முந்திய நிகழ்ச்சி 7.02க்கு முடிந்தால் அடுத்தது 7.02க்கு. மிச்சம் பிடித்த நிமிடங்கள் அங்கேயே செலவாகின்றன. கடன்பட்ட நிமிடங்கள் அடுத்தவர் தலையில் ஏறுகின்றன. ஒவ்வொரு நிகழ்ச்சியும் முந்துவதற்கும் பிந்துவதற்கும் சம வாய்ப்பு இருந்தால்கூட, மாலை ஏற ஏற அட்டவணை பிந்தவே செய்யும். எவர் மீதும் குற்றமில்லாமல் இது நடக்கும். பெரிய செய்தி அறிக்கை போன்ற ஒன்றை அசையாத தூணாக வைத்து, அதற்கு முந்திய நிகழ்ச்சியை வெட்டிச் சரிசெய்வார்கள். செய்தி மட்டும் நேரத்துக்கு வருவதும் அதற்குப் பிந்திய தொடர் தள்ளாடுவதும் இதனால்தான்.

நேரம் தவறாமையே பெரிது என்று நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பேர்போன நிகழ்வு உண்டு. 1968 நவம்பர் 17 அன்று என்.பி.சி. நிறுவனம் நியூயோர்க் ஜெட்ஸ், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணிகளின் அமெரிக்கக் காற்பந்து ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. 65 செக்கன் மீதி இருந்தது. ஜெட்ஸ் 32க்கு 29 என்று முன்னணியில். மணி ஏழானது. அறிவித்தபடி 'ஹைடி' என்ற சிறுவர் படத்தைத் தொடங்கிவிட்டார்கள். அந்த 65 செக்கனுக்குள் ரெய்டர்ஸ் இரண்டு முறை கோடு தாண்டி 43க்கு 32 என்று வென்றது. நாட்டின் பெரும்பகுதி அதைப் பார்க்கவில்லை. தொலைபேசி அழைப்புகளால் நிறுவனத்தின் இணைப்பகம் செயலிழந்தது. அதன் பிறகு நேரடி ஆட்டத்தை முடியும்வரை காட்டுவது அங்கே வழக்கமாயிற்று. அடுத்த நிகழ்ச்சிதான் காத்திருக்க வேண்டும்.

வேண்டுமென்றே பிந்தியவர்களும் உண்டு. 1981 இல் டெட் டேர்னரின் டி.பி.எஸ். அலைவரிசை, நிகழ்ச்சிகளை மணிக்கும் அரை மணிக்கும் தொடங்காமல் ஐந்து நிமிடம் தள்ளித் தொடங்கியது. அங்கே ஒரு நிகழ்ச்சியைப் பார்த்து முடிக்கிறவர் வேறு அலைவரிசைக்குத் தாவினால் அங்கே கதை ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். ஆகவே இருந்த இடத்திலேயே இருந்துவிடுவார். போட்டி அலைவரிசையைவிட ஒரு நிமிடம் முந்தித் தொடங்குவதும் இதே நோக்கத்தில்தான். கோப்பையோடு வந்து உட்காருவதற்குள் கடந்துபோன முதற்காட்சிக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். சுவர்க் கடிகாரம் பிந்தி ஓடுவதும் காரணமாகலாம். இரண்டாவதை முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இந்தப் பிரச்சினைக்கு எனக்கு மிகப் பிடித்த தீர்வு 1985 இல் மேற்கு ஜேர்மனியில் வந்தது. அங்கே வீட்டு டெக்கில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்ய நேரம் குறித்து வைத்தவர்கள், நிகழ்ச்சி பிந்தியதால் முடிவுக் காட்சியை இழந்துகொண்டிருந்தார்கள். பொறியியலாளர்கள் நிலையங்களைத் திருத்தப் போகவில்லை. 625 கோடுகளில் திரையில் தெரியாத சில கோடுகள் உண்டு. அவற்றில் ஒன்றில் நிகழ்ச்சியின் அடையாளக் குறியை மறைத்து அனுப்பினார்கள். டெக் கடிகாரத்தைப் பார்க்காமல் அந்தக் குறி வரும்வரை காத்திருந்தது. நிகழ்ச்சி பத்து நிமிடம் பிந்தினால் பதிவும் பத்து நிமிடம் பிந்தியது. நேரத்தை நம்பாமல் நிகழ்ச்சியின் பெயரை நம்பினால் தாமதம் தொல்லையாக இல்லாமல் போய்விடும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நாடே மணியை நகர்த்தியபோது

இப்போது அந்த ஒரு மணி நேரக் கதை. 1996 இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றின. நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த இலங்கையில் மின்வெட்டு நீண்டது. மாலையில் விளக்கு எரியும் நேரத்தைக் குறைக்கலாம் என்று, 1996 மே 25 அன்று அரசு நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதுவரை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னால். அந்த நாளிலிருந்து இலங்கை ஆறரை மணி முன்னால். அக்டோபர் 26 அன்று அரை மணி திருப்பி ஆறு மணி ஆக்கினார்கள். 2006 ஏப்ரல் 15 அன்று, புத்தாண்டு முடிந்த கையோடு, பழைய ஐந்தரைக்கே திரும்பினார்கள்.

இந்திய அலைவரிசையொன்றில் இரவு எட்டு மணிக்கு ஒரு தொடர் என்று வையுங்கள். சென்னையில் அது எட்டு மணிக்கே தொடங்கியது, ஒரு செக்கன்கூடத் தவறவில்லை. இலங்கைக் கடிகாரத்தில் அது மே 24 அன்று எட்டு மணிக்கு வந்தது, மே 25 அன்று ஒன்பது மணிக்கு. அக்டோபர் கடைசியிலிருந்து எட்டரைக்கு. அடுத்த ஒன்பதரை ஆண்டுகளும் அப்படியே. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே நின்றதால், கொழும்பு எட்டு மணி என்று அறிவித்தது வன்னிக் கடிகாரத்தில் ஏழரை. ஒரு தீவுக்குள் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தொடக்க நேரம்.

எந்த நேரம் சரியானது? சூரியனைக் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம். ஐந்தரை மணி நேரம் என்பது 82.5 பாகை நெடுங்கோட்டின் நேரம். பதுளை ஏறத்தாழ 81.05 பாகையில் இருக்கிறது. வித்தியாசம் 1.45 பாகை, நாலால் பெருக்கினால் 5.8 நிமிடம். பதுளையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக நண்பகல் 12 மணி 6 நிமிடத்துக்கு. கடிகாரமும் வானமும் இதைவிட நெருங்கிப்போவது அரிது. 1996 மே மாத இறுதியில் பதுளையில் சூரிய உதயம் பழைய நேரப்படி காலை 5.48 அளவில், புதிய நேரப்படி 6.48. மலை மறைக்கும் பள்ளத்தில் இன்னும் பிந்தும். காலைப் பெரட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள் இருட்டில் எழும்ப வேண்டியதாயிற்று. ஒக்டோபரில் இடைப்பருவ மழையும் மூடுபனியும் ஊவாவைப் பிடிக்கும் நேரத்தில் அரை மணி குறைத்தது ஓரளவு ஆறுதல்.

மின்சாரம் மிச்சமாகியிருக்குமே என்று கேட்கலாம். இந்த உத்தி பிறந்த ஐரோப்பாவில் கோடைப் பகல் மிக நீளம்; இலண்டனில் பதினாறரை மணிக்கும் மேல். அதிகாலையில் எவருக்கும் உதவாமல் வீணாகும் வெளிச்சத்தை மாலைக்கு மாற்றலாம். பதுளையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. மாற்றிக் கொடுக்க உபரி வெளிச்சம் இல்லாத இடத்தில் மாலையில் அணைந்த விளக்கு காலையில் எரியும். எதிர்ப்பக்கத்தில் அசாம் இருக்கிறது. அங்குள்ள தேயிலைத் தோட்டங்கள் இந்திய நேரத்தைவிட ஒரு மணி முந்திய 'பாகான் நேரம்' என்ற தோட்ட நேரத்தை இன்றும் வைத்திருக்கின்றன. 95 பாகையில் உள்ள ஒரு தோட்டத்துக்கு இந்திய நேரம் சூரியனைவிட 50 நிமிடம் பிந்தியது. அங்கே அது நியாயம். அந்தத் தோட்டத்தில் டில்லியின் எட்டு மணி நிகழ்ச்சி ஒன்பது மணி நிகழ்ச்சி. ஊவாவின் தேயிலைக்கு அப்படியொரு தேவை இருந்ததே இல்லை. 1996 மாற்றம் பதுளைக்குப் பொருந்திய கடிகாரத்தைப் பறித்துப் பொருந்தாத ஒன்றைக் கொடுத்தது என்பதே என் முடிவு.

செக்கன்கள் யாருக்கு முக்கியம்?

அரை நிமிடம் பிந்தி ஒரு சிக்ஸரைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி; ஒன்றும் குறைந்துவிடாது. சித்திரைப் புத்தாண்டில் அடுப்பு மூட்டும் நேரத்தைத் தொலைக்காட்சி பார்த்துச் செய்கிற வீடுகளுக்கும் அதே பதில்தான்: வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணிதமும் புத்தாண்டு பிறக்கும் நேரத்திலேயே வேறுபடுவது வழக்கமாக இருக்கும்போது, போன் தரும் 30 செக்கன் பிழை பொருட்டில்லை. துல்லியமான நேரம் வேண்டியவர்கள் திரையில் ஓடும் நிகழ்ச்சியைப் பார்க்காமல் போனின் கடிகாரத்தைப் பார்க்கலாம். போனின் படம் பிந்தினாலும் அதன் கடிகாரம் வலையமைப்போடு தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

செக்கன் உயிராக இருக்கும் இடம் ஒன்று உண்டு. யப்பான் 2011 யூலை 24 அன்று நாட்டின் பெரும்பகுதியில் பழைய அன்டெனா முறையை நிறுத்தியது. இலக்கமுறையில் படம் ஓரிரு செக்கன் பிந்துவதால், நிலையங்கள் அதுவரை காட்டிவந்த மணிக்குறிக் கடிகாரத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. நிலநடுக்க முன்னெச்சரிக்கையை அப்படி விட முடியாது. நில அலை வந்து சேர்வதற்கு முன் கிடைப்பதே சில செக்கன்தான். எனவே எச்சரிக்கை எழுத்துகளைப் படத்தோடு வரிசையில் நிற்க விடாமல், சுருக்கும் கருவியைச் சுற்றிக்கொண்டு முந்தி அனுப்பும் வழியை அங்கே ஏற்படுத்தினார்கள். எல்லாத் தாமதத்தையும் ஒழிக்க அவர்கள் முயலவில்லை. காத்திருக்கக் கூடாத ஒன்றை அடையாளம் கண்டு, அதற்கு மட்டும் தனி வழி விட்டார்கள்.

ஊவாவின் ஆபத்து நிலநடுக்கத்தைவிட மெதுவானது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. அங்கே பிந்தியவை செக்கன்கள் அல்ல, ஆண்டுகள். எந்த ஒளிபரப்பு நுட்பமும் அதைச் சரிசெய்யாது. என்றாலும் மழை கொட்டும் இரவொன்றில் மண்சரிவு அறிவிப்பு அடுத்த செய்தி நேரத்துக்காகக் காத்திருந்தால், அது அட்டவணை உண்டாக்கும் தாமதம். நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுச் சொல்லலாம் என்ற ஒரே முடிவால் அது ஒழியும். கனமழையில் டிஷ்ஷின் படம் அறுந்துபோகும், கோபுரத்துக்கு மின்சாரம் நின்றால் போனும் ஓயும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பற்றரியில் ஓடும் சாதாரண வானொலி அப்போதும் பேசும்.

இலங்கை 2014 இல் தன் எதிர்கால இலக்கமுறைத் தொலைக்காட்சிக்கு யப்பானியத் தரத்தைத் தெரிந்தெடுத்தது. அவசர எச்சரிக்கையை அனுப்பும் வசதி அந்தத் தரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மாற்றம் நடைமுறைக்கு வரும்போது அந்த வசதியைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடாமல் முதல் நாளிலிருந்தே இயக்க வேண்டும். பதுளை, மொனராகலை மாவட்டங்களின் தோட்டங்களுக்கு எச்சரிக்கை சிங்களத்திலும் தமிழிலும் ஒரே கணத்தில் போய்ச் சேர வேண்டும். தொடர் எட்டு நாலுக்கு வரட்டும், சிக்ஸர் ஒரு பந்து பிந்தி வரட்டும். இந்த ஒன்றைப் பிந்த விடக் கூடாது என்று ஒளிபரப்பாளரிடமும் அரசிடமும் கேட்கும் உரிமை பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் உண்டு. கேளுங்கள்.